சாய்ப்புல கோழி, அஞ்சடியில ஆளு

தம்பிகளா, கறி மசாலாவுக்கு அளவு கேக்கணும்னா வேற யாருகிட்டயாவது கேளுங்க. அதைச் சொல்லித்தர ஊரு முழுக்க ஆளு இருக்கு. பினாங்குக் கடைத்தெரு பக்கத்துல ஒரே சாப்பாட்டுக் கடையில பாதி வாழ்க்கைய பண்டாரியா, அதாவது அடுப்படிக்குத் தலைவனா, நின்னு கழிச்சவன் நான். உங்ககிட்ட நான் சொல்லப்போறது ஒரு கோழிக்கூண்டைப் பத்தி. அடுப்படிய கையில வாங்குற அன்னிக்கு சட்டியும் கரண்டியும் மட்டும் உங்க கைக்கு வர்றதில்ல, அங்க வேலை செய்யுற ஆளுங்களும் சேந்துதான் வர்றாங்க. இதை எனக்கு அந்தக் கோழிங்கதான் காட்டிக் குடுத்துச்சு.

ஜெர்மன் சண்டை, அதாவது மொத உலகப் போர், முடிஞ்சு சில வருசம் இருக்கும். அப்ப எங்க கடைக்குப் பங்காளி முதலாளிங்க ரெண்டு பேரு. ஒருத்தர் இங்க நின்னு கடைய நடத்துவாரு, இன்னொருத்தர் ராமநாதபுரத்துப் பக்கம் ஊர்ல குடும்பத்தோட இருப்பாரு. அப்புறம் அவரு கப்பலேறி வருவாரு, இவரு ஊருக்குப் போவாரு. முறை மாத்துறதுன்னு சொல்லுவோம். இருந்த ரெண்டு பேரையும் நாங்க பெரிய முதலாளி, சின்ன முதலாளின்னுதான் கூப்பிடுவோம். முதலாளிங்க மாறுவாங்க, வேலையாளுங்க நாங்க மாறமாட்டோம்.

முறை மாறுற அன்னிக்கு எங்க கடையில ஒரு வழக்கம் உண்டு. வந்த முதலாளி, போற முதலாளி, ஆளுங்கள்ல மூத்தவரு, பண்டாரி, இந்த நாலு பேரும் ஒரே சஹன்ல உக்காந்து சாப்பிடணும். சஹன்னா நாலு பேரு சுத்தி உக்காந்து ஒண்ணா சாப்பிடுற பெரிய தட்டு. அந்தச் சாப்பாட்டை ஆளுங்க படுக்கிற இடத்துலதான் விரிக்கணும், முதலாளி மாடியில விரிக்கக்கூடாது. கடைய ஆரம்பிச்ச மூத்தவங்க வச்ச வழக்கம் அது. அந்தத் தட்டு முன்னால வந்தவரு என்ன வாக்குக் குடுக்குறாரோ, அது அடுத்த முறைக்காரரையும் கட்டும். நாலு கையும் தட்டுல விழுந்தாத்தான் சாப்பாடு ஆரம்பம், ஒரு கை நின்னாலும் மத்தவங்க தொடமாட்டாங்க.

இனி கோழிக்கு வர்றேன். அந்த நாள்ல எங்களுக்குக் கோழி அக்கரையில இருந்து, தீவுக்கு எதுத்தாப்புல இருக்கிற பெருநிலத்துல இருந்து, வரும். தாசேக் கெலுகோர் பக்கத்து மலாய்க்காரங்க கிராமத்துல, கம்பம்னு சொல்லுவோம், அங்க பிடிச்சு, கூடையில அடைச்சு, படகுல ஏத்தி அனுப்புவாங்க. வெயில்ல வந்து சேரும்போது பாதி கோழி கழுத்து தொங்கிப் போயிருக்கும். செத்ததை அறுத்து நாம யாருக்கும் போட முடியாது. பெருநாள் நெருங்கிட்டா உயிரோட ஒண்ணு கெடைக்கிறதே பெரும்பாடு. அப்ப சின்ன முதலாளியோட முறை. கடைக்குப் பின்னாலயே சொந்தமா கோழி வளக்கலாம்னு அவருதான் சொன்னாரு. எனக்கும் சந்தோசம்தான், நல்ல யோசனைன்னு நானே சொன்னேன்.

கடைக்குப் பின்னால ஒரு சின்ன முற்றம். அதுல ஒரு ஓரமா தண்ணித் தொட்டி, அடுத்த ஓரத்துல சுவரோட சேத்து ஒரு சாய்ப்பு, சரிவா கூரை போட்ட கொட்டகை. சாய்ப்புக்கு உள்ள தரையில இருந்து முழங்கால் உயரத்துக்குப் பலகை போட்டு மேடை கட்டியிருக்கும். மழை பெய்ஞ்சு கடல்தண்ணியும் ஏறுற நாள்ல முற்றத்துல கணுக்கால் மட்டும் தண்ணி நிக்கும், அந்தப் பலகை மட்டும் நனையாது. கடையாளுங்க படுக்கிறது அங்கதான்.

கோழிய எங்க வைக்கிறதுன்னு சின்ன முதலாளி என்னைக் கூப்பிட்டுக் கேட்டாரு. முற்றத்துலயே நாலு கால் நட்டு, ஆள் நெஞ்சு உயரத்துல கூண்டு கட்டுவோம்னு சொன்னேன். அடியில மூங்கில் பத்தை அடிச்சா எச்சம் கீழ விழுந்துடும், காலையில ஒரு வாளி தண்ணி ஊத்துனா போதும். மேல அத்தாப்பு ஓலை. மலாய்க்காரங்க வீட்டுப் பக்கம் ரெபான்னு சொல்லி அப்படித்தான் கட்டுறாங்க, கோழி நல்லாத்தான் இருக்கு.

அவரு ஒத்துக்கல. முற்றத்துல வச்சா சாரல் அடிக்கும்னாரு. கோழிக்கு ஈரம் ஆகாதாம். ராத்திரி கடல் பக்கத்துல இருந்து குளிர்காத்து வரும், கோழிக்கு நெஞ்சுல சளி கட்டும்னாரு. மூசாங்னு சொல்ற மரநாய் சுவரேறி வந்து ஒரே ராத்திரியில எல்லாத்தையும் கடிச்சுப் போட்டுடும்னாரு. பின்சந்துல போறவன் கைய விட்டு எடுத்துடுவான்னாரு. ஒவ்வொண்ணா விரல மடக்கி மடக்கிச் சொன்னாரு. தப்புன்னு சொல்ல ஒண்ணுமில்ல, கோழி வளக்கிறவன் யோசிக்க வேண்டியதுதான் எல்லாம். கடைசியில எழுந்து போய் சாய்ப்புக்குள்ள நின்னாரு. பலகைய காலால தட்டிப் பாத்தாரு.

"இதான் சரியான இடம் பண்டாரி. காஞ்ச பலகை, மூணு பக்கம் மறைப்பு. முன்னால கம்பி வலை அடிச்சிட்டா முடிஞ்சிது."

"இங்க ஆளுங்க படுக்குறாங்களே முதலாளி."

"அஞ்சடியில படுக்கட்டும்."

அஞ்சடின்னா கடைக்கு முன்னால, ரோட்டோரமா, தூணுக்கும் கதவுக்கும் நடுவுல ஓடுற அந்த நடைபாதை. பகல் முழுக்க ஊரே அதுல நடக்கும். ஐப்பசி மழையில அங்க படுக்க முடியுமான்னு கேட்டேன். அப்ப அவரு சொன்னாரு, இன்னிக்கு வரைக்கும் என் காதுல இருக்கு.

"மனுசன் எங்கயும் படுத்துக்குவான் பண்டாரி. கோழி அப்படி இல்ல."

கோவமா சொல்லல. கேலியாவும் சொல்லல. வெங்காயத்த எங்க கொட்டி வைக்கிறதுன்னு பேசுற மாதிரி சாதாரணமாத்தான் சொன்னாரு. அதுதான் எனக்கு இன்னும் ஆறல. கெட்ட மனுசன்னா திட்டித் தீத்துடலாம். ஊர்ல பள்ளிவாசலுக்குக் கெணறு வெட்டிக் குடுத்தவரு அவரு.

அந்தப் பேச்ச பக்கத்துல அம்மி முன்னால உக்காந்து சுலைமான் காக்கா கேட்டுக்கிட்டிருந்தாரு. ஆளுங்கள்ல மூத்தவரு அவருதான். எங்காளுங்க மூத்தவரை அண்ணன் முறையில காக்கான்னு கூப்பிடுவாங்க. மசாலா அரைக்கிறது, தேங்கா துருவுறது அவரு வேலை. அவருக்கு இழுப்பு நோய். ஈரக்காத்து பட்டா நெஞ்சு விசில் அடிக்கும், படுக்க முடியாது, உக்காந்தே விடியணும். ஈரம் ஆகாது, குளிர்காத்து ஆகாது, சளி கட்டும்னு முதலாளி கோழிக்குச் சொன்னதெல்லாம் எழுத்து மாறாம காக்காவுக்குச் சொல்ல வேண்டியது. அவரு தலையக் குனிஞ்சுக்கிட்டு கொத்தமல்லிய அரைச்சுக்கிட்டே இருந்தாரு.

சீனத் தச்சரு வந்தாரு, ரெண்டே நாள்ல வேலை முடிஞ்சிது. கோழி ஏறி உக்கார உருட்டுக் கழி, முட்டை போட வைக்கோல் வச்ச பெட்டி, சாரலுக்குச் சாக்குத் திரை. திரைய வேணும்போது சுருட்டிக்கலாம். நான் ஒண்ணு சொல்றேன் தம்பிகளா, அந்தக் கடையில அத்தனை வருசம் எங்க தலைமாட்டுக்கு ஒரு சாக்குத் திரை போடணும்னு எவனுக்கும் தோணல.

அடுப்படியில படுங்க காக்கான்னு நான் சொன்னேன். வெறகு அடுப்பு, அணைச்சாலும் புகை அடங்காது, அங்க அவருக்கு இன்னும் மோசமாச்சு. மாடியில முதலாளி அறைக்கு வெளிய பூரா மிளகாய் மூட்டை. அந்த நெடியில நல்ல நெஞ்சே தாங்காது. பள்ளிவாசல்ல போய் படுத்துக்கலாமேன்னு சின்ன முதலாளி ஒரு தரம் சொன்னாரு. கூண்டை அங்க கொண்டுபோய் வைங்கன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

மழை புடிச்சுக்கிச்சு. விடியக்கால சுபுஹு தொழுதுட்டு அடுப்பு மூட்டக் கதவத் திறப்பேன். அஞ்சடியில மத்தவங்க சுருண்டு கெடப்பாங்க. சுலைமான் காக்கா மட்டும் தூண்ல சாஞ்சு, நனைஞ்ச சாக்கைப் போத்திக்கிட்டு, முழங்கால் மேல கைய ஊனி மூச்சை இழுத்துக்கிட்டு இருப்பாரு. உள்ள சாய்ப்புல சாக்குத் திரைக்குப் பின்னால கோழிங்க கொக்கரிச்சுக்கிட்டு சுகமா இருக்கும். அதுங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அதுங்க கேட்டா வாங்குச்சு?

நான் மறுபடியும் போய் பேசுனேன். அடுப்படி பக்கத்துல கோழி இருந்தா ஈ மொய்க்கும், கறியில விழும்னேன். தினம் சாம்பல் தூவுங்கன்னாரு. வாடை அடிக்குதுன்னேன். சாப்பிடுறவனுக்கு முன்பக்கம் வராதுன்னாரு. காக்காவுக்கு முடியலன்னு நேராவே சொன்னேன். முறை மாறட்டும், பெரியவர் வந்து பாத்துக்குவாருன்னாரு. எதுக்கும் ஒரு பதில் இருந்துச்சு அவருகிட்ட.

ஆளுங்களுக்குள்ள கொதிப்பு ஏறிடுச்சு. பரிமாறுற மீரான் துடியான பய. பெரிய வீட்டுக் கல்யாணச் சாப்பாடு ஒண்ணு எங்ககிட்ட ஒப்படைச்சிருந்தாங்க, அது நெருங்குது. அவன் என்கிட்ட வந்தான்.

"அண்ணே, கல்யாணத்தன்னிக்கு அடுப்பை மூட்டாம விட்டுருவோம். அப்ப தெரியும் லா இவருக்கு."

"பொண்ணு வீட்டுக்காரன் உனக்கு என்னடா பண்ணான்?"

"அப்ப கூண்டுக் கதவத் திறந்து விட்டுருவோம். மூசாங் பாத்துக்கும்."

"கோழி உனக்கு என்ன பண்ணுச்சு?"

"அப்ப காக்கா சாகட்டுமா?"

எனக்கு ஒண்ணு மட்டும் தெரிஞ்சுது. கோவம் வந்த அன்னிக்கு கைக்கு எட்டுனவனை அடிக்கிறது சுலபம். எட்டுறது எப்பவும் சம்பந்தமில்லாதவனாத்தான் இருப்பான். கல்யாணச் சாப்பாட்டை நல்லபடியா ஆக்கி அனுப்புனோம். பாராட்டு வந்துச்சு, அதை சின்ன முதலாளி வாங்கிக்கிட்டாரு.

அப்புறம் பெரிய முதலாளி கப்பலேறிட்டாருன்னு தகவல் வந்துச்சு. கடையெல்லாம் கழுவி விட்டாங்க. கூண்டுக்குப் புதுசா சுண்ணாம்பு அடிக்கச் சொன்னாரு சின்ன முதலாளி. பங்காளிகிட்ட காட்டிப் பெருமைப்பட அவருக்கு அதுதான் இருந்துச்சு. சஹன் சோறு ஆக்குற பொறுப்பு பண்டாரிக்கு, பாய் விரிக்கிற பொறுப்பும் பண்டாரிக்குத்தான். ஆளுங்க படுக்கிற இடத்துல விரிக்கணும்னு வழக்கம். எந்த இடம்னு எனக்கு எந்தக் குழப்பமும் இல்ல.

அன்னிக்கு மத்தியான லுஹர் தொழுகைக்கு அப்புறம் மழை தூறிக்கிட்டிருந்துச்சு. நான் அஞ்சடியிலதான் பாய விரிச்சேன். தூணுக்கும் தூணுக்கும் நடுவுல, வெள்ளைத் துணி போட்டு, நெய்ச்சோறும் கோழிக்கறியும் வச்ச சஹனை நட்டநடுவுல எறக்குனேன். ரிக்‌ஷாக்காரங்க நின்னு பாத்தாங்க. எதுத்தாப்புல ஜவுளிக் கடைக்காரரு கல்லாவ விட்டுட்டு வாசலுக்கு வந்துட்டாரு. நடந்து போறவங்க பாயைச் சுத்தி சேத்துல எறங்கிப் போனாங்க.

பெரிய முதலாளிய கூட்டிக்கிட்டு வெளிய வந்த சின்ன முதலாளிக்கு மொகம் செத்துப்போச்சு.

"என்ன பண்டாரி இது, நடுரோட்டுல?"

"ரோடு இல்ல முதலாளி. எங்க படுக்கை. இங்கதான் படுக்கச் சொன்னீங்க."

பெரிய முதலாளி வயசானவரு, நிதானமான ஆளு. செருப்பைக் கழட்டிட்டுப் பாயில உக்காந்தாரு. சாரல் அவரு முதுகுல அடிச்சுது. பாய் ஓரத்த கையால தொட்டுப் பாத்தாரு, ஈரம். சாய்ப்புல என்ன இருக்குன்னு கேட்டாரு. கோழின்னு மீரான் சொன்னான். எழுந்து சின்ன முதலாளியோட உள்ள போய் பாத்துட்டு வந்தாரு. கூண்டுக்கு அடிச்ச சுண்ணாம்பு அவரு சட்டையில ஒட்டியிருந்துச்சு.

உக்காந்துட்டு சொன்னாரு. "கோழிய அங்க வச்சது தப்பு. மூணு பக்கமும் அடைப்பு, காத்தோட்டமே இல்ல. எச்ச நெடியில கோழிக்குக் கண்ணுல தண்ணி வடியுது. விட்டா வரிசையா செத்துப்போகும். முற்றத்துல ஒசரமா கூண்டு கட்டி மாத்திடுவோம்."

மீரான் என்னைப் பாத்து சிரிச்சான். இடம் கெடைச்சிடுச்சு. சுலைமான் காக்கா என் பக்கத்துல உக்காந்திருந்தாரு, அவரு பெருமூச்சு எனக்குக் கேட்டுச்சு. பெரிய முதலாளி பிஸ்மி சொல்லிக் கைய நீட்டுனாரு. சின்ன முதலாளி நீட்டுனாரு. காக்கா நீட்டுனாரு. என் கை மடியிலயே இருந்துச்சு.

அப்ப வந்த மாதிரி ஒரு கோவம் எனக்கு அதுக்கு முன்ன வந்ததில்ல. கோழிக்குன்னு எடுத்தாங்க, இப்ப கோழிக்குன்னு திருப்பிக் குடுக்குறாங்க. நாளைக்குக் கோழிக்கு அந்த இடம்தான் நல்லதுன்னு இன்னொருத்தரு வந்து சொன்னா மறுபடியும் அஞ்சடிக்குத்தானே போகணும். சஹன் முன்னால சொன்ன வாக்குதான் நிக்கும். சொன்ன வாக்குல ஆளைப் பத்தி ஒரு எழுத்து இல்ல.

காக்கா என் தொடையக் கிள்ளுனாரு. "போதும்டா. கை வை," ன்னாரு மெதுவா. அவருக்குப் பயம். கெடைச்சதும் போயிடுமோன்னு பயம். நியாயமான பயம்தான். தட்டிப்போனா நட்டம் எனக்கில்ல, அவருக்கு. ஆனாலும் நான் கை வைக்கல.

"என்ன வேணும் உனக்கு?" பெரிய முதலாளி குரல்ல கோவம் வந்துடுச்சு.

"கோழிக்குச் சொல்லிட்டீங்க முதலாளி. இவருக்கு ஒண்ணும் சொல்லலியே."

மூணு கை தட்டுக்கு மேல நிக்குது. சோறு ஆறுது. எதுத்த கடைக்காரரு இன்னும் பாத்துக்கிட்டிருக்காரு. சின்ன முதலாளி பல்லைக் கடிச்சுக்கிட்டு, "இவனை வேலையை விட்டு..." ன்னு ஆரம்பிச்சாரு. பெரியவரு அவரை நிறுத்திட்டு காக்காவத் திரும்பிப் பாத்தாரு. அவரு நெஞ்சு அடிச்ச விசில் எல்லாருக்கும் கேட்டுச்சு.

"சுலைமான், இந்த இழுப்பு உனக்கு எப்ப இருந்து?"

கேட்டதுக்குப் பதில் சொல்றதா, எதுக்கு வம்புன்னு விட்டுடறதான்னு காக்கா யோசிச்சாருன்னு நெனைக்கிறேன்.

"உங்க போன முறையில இருந்து முதலாளி. மழையா இருக்குன்னு மிளகாயை மாடியில, கதவச் சாத்திக்கிட்டு இடிக்கச் சொன்னீங்களே. அப்ப இருந்து."

பெரிய முதலாளி கைய எடுத்துட்டாரு. திட்டப்போறாருன்னு நெனச்சேன். துண்டால மொகத்தத் தொடச்சாரு, சாரலா வேர்வையான்னு எனக்குத் தெரியல. அப்புறம் எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொன்னாரு.

"சாய்ப்பு ஆளுங்களுக்கு. கோழி இருந்தாலும் இல்லாட்டியும், யார் முறை வந்தாலும், அது ஆளுங்களுக்கு. சுலைமான் மொதல்ல அவனுக்கு வேணுங்கற இடத்தப் புடிச்சுக்கட்டும், மத்தவங்க அப்புறம்."

நான் தட்டுல கை வச்சேன். நெய் உறைஞ்சு போச்சு, சோறு சில்லுன்னு இருந்துச்சு. அவ்வளவு மோசமான நெய்ச்சோறு நான் என் வாழ்க்கையில ஆக்கிப் போட்டதில்ல. நாலு பேரும் ஒரு பருக்கை மிச்சம் வைக்காம சாப்பிட்டோம்.

கூண்டு முற்றத்துல கால் நட்டு கட்டுனாங்க. கோழிங்க நல்லாத்தான் இருந்துச்சு. மூசாங் வந்து சிலதைக் கொண்டும் போச்சு, அதையும் சொல்லிடுறேன். சின்ன முதலாளி சொன்னது அந்த விசயத்துல சரிதான்.

அதனாலதான் அடுத்து அவரு முறை வந்தப்ப, வந்த கொஞ்ச நாள்லயே அதே தச்சரைக் கூட்டிக்கிட்டு பின்பக்கம் வந்தாரு. கையில அளவுக் கயிறு. மூசாங் எடுத்த கோழிங்கள சொல்லிக்கிட்டே சாய்ப்பு வாசல் வரைக்கும் வந்துட்டாரு. மத்தியான ஓய்வு நேரம், சுலைமான் காக்கா பலகையில படுத்திருந்தாரு. முதலாளி வந்தா படுத்திருக்கிறவன் துள்ளி எந்திரிக்கணும், அந்தக் காலத்துல அதுக்கு மாத்தே கெடையாது. நாங்களெல்லாம் எந்திரிச்சு நின்னோம்.

"சஹன்ல சொன்னது முதலாளி," ன்னேன் நான்.

சின்ன முதலாளி என்னைப் பாத்தாரு, பலகையப் பாத்தாரு, கயிறை ரெண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு நின்னாரு. சுலைமான் காக்கா கண்ணத் திறந்து அவரை ஒரு தரம் பாத்தாரு. எந்திரிக்கல. மடக்கியிருந்த காலை நல்லா நீட்டிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டாரு.